அடுத்தவர் காட்டுக்கு எங்கள் வரிப்பணம்: ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தின் 1 கோடி டாலர்

2012 நவம்பர் 6ஆம் தேதி அமெரிக்கா முழுவதும் அதிபர் தேர்தல் நடந்தது. அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்து வாக்குச்சீட்டில் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது. ஊரை ஒட்டிய மலைக்காடுகளில் நெருக்கமாக மண்டிக் கிடக்கும் மரங்களைக் களைவதற்காக நகராட்சி 1 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்பது அந்தக் கேள்வி. கடனை அடைக்க வேண்டியவர்கள் அந்த ஊரில் சொத்து வரி கட்டுபவர்கள். காடோ பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமானதில்லை. மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தமானது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் 'ஆம்' என்றார்கள்.

தேசிய வனத்தில் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு நகராட்சி தன் பத்திரத்திலிருந்து பணம் தந்ததாக வேறு எடுத்துக்காட்டு தெரியவில்லை என்று இத்திட்டத்தை நடத்தியவர்கள் சொல்லிவந்தார்கள். மத்திய அரசின் சொத்தைப் பராமரிக்க சுமார் 66,000 பேர் கொண்ட ஒரு சிறு நகரம் ஏன் கைக்காசு போட வேண்டும்? அந்தப் பணம் என்ன செய்தது, எங்கே சறுக்கியது? காட்டுத் தீக்காகச் செலவாகும் அரசுப் பணத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த ஊரின் கதை அளவுக்கு என்னை யோசிக்க வைத்தது வேறில்லை. பணம் எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சீப்பின் பற்களைப் போல நின்ற மரங்கள்

ஃபிளாக்ஸ்டாஃப் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரிசோனா என்றதும் நினைவுக்கு வரும் பாலைவனம் இங்கே இல்லை. ஊரைச் சுற்றிலும் பாண்டரோசா பைன் காடு. வடக்கே சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள். மரம் அறுத்தும் ரயில் வந்தும் வளர்ந்த ஊர் இது. அமெரிக்க வனத்துறையின் முதல் ஆராய்ச்சிக்காடு 1908இல் இதற்குப் பக்கத்தில், ஃபோர்ட் வேலியில்தான் தொடங்கப்பட்டது.

பாண்டரோசா பைன், தீயோடு பழகி வளர்ந்த மரம். முதிர்ந்த மரத்தின் பட்டை ஆரஞ்சு கலந்த பழுப்பாக, தடித்த பாளங்களாக இருக்கும். பாளங்களுக்கு இடையிலுள்ள பிளவில் மூக்கை வைத்தால் வெனிலா மணக்கும். மின்னல் மூட்டிய தீ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்து போய் சருகையும் புல்லையும் சிறு கன்றுகளையும் தின்றுவிடும். அந்தப் பட்டை மட்டும் கரிபட்டு நிற்கும், உள்ளே மரம் பிழைத்துவிடும். பழைய அடிமரங்களைக் குறுக்கே அறுத்தால் அந்தத் தீக்களின் தழும்புகளை வளையங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக எண்ண முடியும்.

1880களில் ஆடுமாடுகள் கூட்டங்கூட்டமாக வந்து புல்லை மேய்ந்துவிட்டன. தவழ்ந்து போவதற்குப் புல் இல்லாமல் தரைத்தீ நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த வனத்துறை, எந்தத் தீயையும் எரியவிடக் கூடாது என்று பணிபுரிந்தது. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்து, தீயணைக்கப் போனவர்களில் 78 பேர் மாண்டிருந்தார்கள். அந்தத் துறையின் நெஞ்சில் ஆறாத காயம் அது. 1935இல் ஒரு விதியே பிறந்தது: இன்று கண்ட தீ நாளைக் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் வந்தாக வேண்டும். இதற்கு நடுவே 1919இல் நல்ல விதையும் நல்ல மழையும் ஒன்றாகச் சேர்ந்து, ஃபிளாக்ஸ்டாஃப் பகுதியில் பைன் கன்றுகள் பாய் விரித்ததுபோல முளைத்தன. முன்பாயிருந்தால் அடுத்த தரைத்தீ அவற்றில் பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டுப் போயிருக்கும். இந்த முறை எல்லாமே வளர்ந்தன. ஏக்கருக்குச் சில பத்து மரங்கள் நின்ற இடத்தில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்தையும் எட்டி, சீப்பின் பற்களைப் போல ஒல்லி மரங்கள் நெருக்கியடித்து நின்றன. இப்படிப்பட்ட காட்டில் தீ தரையோடு நிற்பதில்லை. கீழ்க்கிளைகளை ஏணியாக்கி உச்சிக்கு ஏறி, மரத்துக்கு மரம் தாவும்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்குள்ள வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சொல்லிவருவதன் சாரம் எளிமையானது. சிறு மரங்களை வெட்டிக் கழியுங்கள். பிறகு குளிர்ந்த பருவத்தில் நீங்களே தரைத்தீ வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வையுங்கள். அறிவியல் எப்போதோ தெளிவாகிவிட்டது. பணம்தான் வரவில்லை.

எரிந்த மண்ணில் தண்ணீர்

2010 ஜூன் 20 அன்று, அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பு ஒன்று ஊருக்கு வடக்கே ஷல்ட்ஸ் கணவாய்ப் பக்கம் காட்டைப் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 15,000 ஏக்கர் எரிந்தது. வீடு ஒன்றுகூட எரியவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. தீயணைப்புக் கணக்கில் அது ஒரு வெற்றிதான்.

அடுத்த மாதம் மழைக்காலம் தொடங்கியது. செங்குத்தான சரிவில் பைன் சருகு கடும் வெப்பத்தில் எரியும்போது அதிலிருந்து எழும் மெழுகு போன்ற ஆவி மண்ணுக்குள் இறங்கிப் படிந்துவிடுகிறது. மேலே படிந்த சாம்பலை விரலால் ஒதுக்கிவிட்டு அந்த மண்ணில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அது உள்ளே இறங்காது. சேம்பு இலையில் விழுந்த துளி போல உருண்டு நிற்கும். ஒரு மலைச்சரிவு முழுவதும் இப்படியாகிவிட்டால் பெய்கிற மழை மொத்தமும் கீழேதான் ஓடும். ஓடும்போது சாம்பலையும் பாறையையும் கருகிய மரத்தையும் இழுத்துக்கொண்டு வரும். ஜூலை 20 அன்று அப்படி வந்த வெள்ளம் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியை அடித்துக்கொண்டு போனது. தீயில் தப்பிய வீடுகளுக்குள் சேறு புகுந்தது. சிகரங்களின் உள்பள்ளத்தாக்கிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்ப் பாதையும் பல இடங்களில் உடைந்தது.

2013இல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதற்கெல்லாம் முழுக் கணக்குப் போட்டது. தீயை அணைத்த செலவு, வெள்ளத் தடுப்பு, வீடுகளின் சேதம், சொத்து மதிப்பின் வீழ்ச்சி எல்லாம் சேர்த்து 13.3 கோடி முதல் 14.7 கோடி டாலர் வரை. தீயை அணைக்கச் செலவானது அதில் ஒரு சிறு பங்குதான். அரசின் ஏடுகளில் 'காட்டுத் தீச் செலவு' என்று பதிவாவது அந்தச் சிறு பங்கு மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. மீதியைச் சுமந்தவர்கள் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகமும் வீட்டுக்காரர்களும்.

ஷல்ட்ஸ் தீ நகர எல்லைக்கு வெளியே நடந்தது. ஆனால் ஊர்மக்கள் பார்வை உடனே தங்கள் தலைக்கு நேர்மேலே இருந்த டிரை லேக் ஹில்ஸ் குன்றுகள் மீது திரும்பியது. அதே செங்குத்து, அதே நெருக்கம். அங்கே எரிந்தால் வெள்ளம் ரியோ டி ஃப்ளாக் ஓடை வழியாக நகரத்தின் நடுவே புகும். தெற்கே மார்மன் மலை எரிந்தால் சாம்பலும் சேறும் லேக் மேரி ஏரிகளில் போய்ச் சேரும். நகரத்தின் குடிநீரில் பாதி வரை தருபவை அந்த ஏரிகள். இந்த இரண்டு இடங்களையும் முதன்மையாகக் கொண்டு சுமார் 10,500 ஏக்கரைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டும் எரிந்தால் நகரத்துக்கு 57.3 கோடி முதல் 120 கோடி டாலர் வரை இழப்பு ஏற்படலாம் என்று 2014இல் இன்னொரு ஆய்வு மதிப்பிட்டது. வாக்காளர்கள் அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஆய்வறிக்கை தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்குள் சேறு வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

வாஷிங்டனில் பணம் போன வழி

இது வனத்துறையின் காடுதானே, அவர்களே செய்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. பதில் வனத்துறையின் வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

தீயணைப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவது என்பதைக் கடந்த பத்து ஆண்டுச் செலவின் சராசரியை வைத்து முடிவு செய்தார்கள். தீ ஆண்டுக்காண்டு பெருகும் காலத்தில் பத்தாண்டுச் சராசரி எப்போதும் பின்தங்கியே இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஒதுக்கிய பணம் தீர்ந்துவிடும். எரிகிற காட்டைப் பணமில்லை என்று விட்டுவிட முடியாது. ஆகவே துறையின் மற்ற கணக்குகளிலிருந்து எடுப்பார்கள். எதிலிருந்து? மரம் களைதல், கட்டுப்படுத்திய எரிப்பு, பாதைகள், ஓடைகள், ஆராய்ச்சி, எல்லாவற்றிலிருந்தும். 2013 ஆகஸ்டில் இப்படி 60 கோடி டாலர் வரை திருப்பிவிடச் சொல்லித் துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். அந்த ஆண்டு ஜூன் 30இல்தான் அரிசோனாவின் யார்னெல் மலையில், பிரெஸ்காட் நகராட்சியின் தீயணைப்புக் குழுவைச் சேர்ந்த 19 பேர் ஒரே இடத்தில் எரிந்து மாண்டார்கள்.

எடுத்த பணத்தை நாடாளுமன்றம் பின்னால் ஈடுசெய்வதுண்டு. ஆனால் காட்டு வேலைக்குப் பருவம் உண்டு. ஆகஸ்டில் நிறுத்திய களைதல் ஒப்பந்தம், பிப்ரவரியில் பணம் திரும்பிவந்ததும் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்துவிடாது. ஒப்பந்தக்காரர் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். எரிப்புக்கு ஏற்ற ஈரமும் காற்றும் கூடிவந்த சில நாட்கள் கடந்து போயிருக்கும். தீயைக் குறைக்கும் வேலையின் பணத்தைத் தீயே தின்றது. வேலை நடக்காததால் அடுத்த தீ இன்னும் பெரிதானது.

1995இல் வனத்துறையின் மொத்த ஒதுக்கீட்டில் 16 விழுக்காடு தீக்குப் போனது. 2015இல் அது பாதியைத் தாண்டியது. 1998க்குப் பிறகு தீப்பணியாளர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலானபோது, காட்டைப் பராமரிக்கும் மற்ற ஊழியர்கள் சுமார் 18,000 பேரிலிருந்து 11,000க்கும் கீழே வந்துவிட்டார்கள். என்னை மிகவும் உறுத்துவது இந்த ஆள்கணக்குதான். பணம் திரும்பிவரலாம். ஒரு மலையின் ஒவ்வொரு சரிவையும் தெரிந்துவைத்திருந்த வனவியலாளர் ஓய்வுபெற்றுப் போய், அந்த இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டால் அந்த அறிவு திரும்பி வராது.

2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. வழக்கமான தீயணைப்பு ஒதுக்கீட்டை 2015ஆம் ஆண்டு அளவில், அதாவது சுமார் 101 கோடி டாலரில் நிறுத்தி, அதைத் தாண்டும் செலவுக்குத் தனி இருப்பு வைத்தார்கள். அந்த இருப்பு 2020இல் 225 கோடி டாலரில் தொடங்கி 2027இல் 295 கோடியாக உயரும். நல்ல சீர்திருத்தம், பல ஆண்டுப் போராட்டத்தின் பலன். ஆனாலும் அது தீயை அணைப்பதற்கான பணம். களைதல் கணக்கிலிருந்து கொள்ளை போவதை அது நிறுத்தியது. களைதலுக்கென்று தானாக ஒரு டாலரும் சேர்க்கவில்லை.

ஃபிளாக்ஸ்டாஃபின் பத்திரத்துக்கு இங்கேதான் மதிப்பு. நகராட்சியின் கருவூலத்தில் இருந்த அந்த 1 கோடியை மான்டானாவிலோ கலிபோர்னியாவிலோ எரியும் தீக்காக எவரும் ஆகஸ்டில் எடுத்துக்கொள்ள முடியாது.

மலையேறிய பணம்

வேலை எளிதாக இருக்கவில்லை. வனத்துறையின் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து ஒப்புதல் கிடைக்க 2015 ஆகிவிட்டது. சட்டப் பாதுகாப்பு பெற்ற புள்ளி ஆந்தைகள் வாழும் இடம். எங்கே வெட்டலாம், எவ்வளவு நிழலை விட்டுவைக்க வேண்டும் என்பதையெல்லாம் அளந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. செங்குத்துச் சரிவில் வழக்கமான மரம் வெட்டும் இயந்திரம் நிற்காது. ஹெலிகாப்டரில் தூக்குவதா, கம்பிவடத்தில் இழுப்பதா, சரிவுக்கென்றே செய்த இயந்திரத்தை இறக்குவதா என்று ஒவ்வொரு வழிக்கும் செலவுக் கணக்குப் பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வெட்டிய மரத்துக்கு விலையில்லாததுதான். இந்த ஒல்லி பைன் மரங்களில் பலகை தேறாது. மரத்தை விற்றே செலவை ஈடுகட்டலாம் என்று நம்பிய பெரிய திட்டம் ஒன்று அதே வட்டாரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஃபிளாக்ஸ்டாஃபைச் சுற்றியுள்ள கோக்கொனினோ உள்ளிட்ட நான்கு தேசிய வனங்களில் 24 லட்சம் ஏக்கரைச் சீரமைக்கும் திட்டம் அது. 2012இல் 3 லட்சம் ஏக்கருக்கு ஒரு பெரும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தம் கைமாறியது, ஆலைகள் சொன்னபடி எழவில்லை, இலக்கின் ஒரு சிறு பகுதிதான் நிறைவேறியது. அடுத்த கட்டத்துக்கான ஏலத்தையும் 2021இல் ரத்து செய்தார்கள். ஃபிளாக்ஸ்டாஃப் வாக்காளர்கள் அந்த நம்பிக்கையில் சாயவில்லை. சந்தை காசு தராத வேலைக்குக் குடிமக்கள்தான் காசு தர வேண்டும் என்று வாக்குச்சீட்டிலேயே ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைக்காகவே இந்த ஊரை நான் மதிக்கிறேன்.

2019 ஜூலை 21

டிரை லேக் ஹில்ஸில் களைதல் நடந்துகொண்டிருந்த கோடைக்காலம். ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குன்றிலிருந்தே புகை எழுந்தது. 1,961 ஏக்கரை எரித்த மியூசியம் தீ அது. விசாரணையில் காரணம் தெரிந்தது. களைதல் வேலைக்காக மலையில் இருந்த கனரக இயந்திரத்தின் இரும்பு, பாறையில் உரசியிருக்கிறது. அந்தப் பொறி சருகில் விழுந்து உள்ளே கனன்று பிடித்துக்கொண்டது. தீயைத் தடுக்கப் போட்ட பணத்தில் நடந்த வேலையிலிருந்தே தீ.

இதை மறைத்தோ மழுப்பியோ எழுதினால் இந்த ஆய்வுக்குப் பொருளில்லை. ஜூலையில், மழை தள்ளிப்போன வறட்சியில், பாறைச் சரிவில் இரும்புச் சங்கிலி ஓடும் இயந்திரத்தை இயக்கியது பெரிய ஆபத்து. ஆனால் அந்த வேலை ஏன் ஜூலையில் நடந்தது என்று கேட்டால் மறுபடியும் கால அட்டவணைக்கே வந்து நிற்கிறோம். குளிர்காலத்தில் பனி, வசந்தத்தில் சேறும் ஆந்தையின் இனப்பெருக்கமும், கோடையில் வறட்சி, பிறகு மழை. ஆண்டில் வேலைக்கு வாய்க்கும் நாட்கள் குறைவு. இதே காட்டை 1980களிலிருந்து சிறிது சிறிதாக, ஆண்டுதோறும் களைந்துவந்திருந்தால் இவ்வளவு இயந்திரத்தை இவ்வளவு அவசரமாக மேலே ஏற்ற வேண்டியிருந்திருக்காது.

வெள்ளம் உடனே வரவில்லை. 2019, 2020 இரண்டு ஆண்டுகளிலும் மழைக்காலம் பொய்த்தது. நகராட்சிக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. தெருக்களில் மணல்மூட்டைகளை அடுக்கிவைத்தார்கள். 2021 ஜூலை நடுவில் எரிந்த சரிவின் மேல் கனமழை கொட்டியது. கறுத்த நீர் ஸ்ப்ரூஸ் ஓடையை நிரப்பி சன்னிசைடு குடியிருப்புத் தெருக்களில் பாய்ந்தது. நிறுத்தியிருந்த கார் ஒன்று வெள்ளத்தில் மிதந்து தெருவோடு அடித்துச்செல்லப்படும் காட்சியை உலகமே பார்த்தது. மலையில் வீடு கட்டிக் குடியேறிய வசதிக்காரர்களின் பகுதியில்லை அது. உழைப்பாளிக் குடும்பங்கள் நெடுநாளாக வாழும் பகுதி. மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் இரண்டு கோடை ஏற்கெனவே கழித்தவர்கள் அவர்கள்.

எரிந்த பிறகு பணம் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேளாண்மைத் துறையின் அவசர நீர்ப்பிடிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், தகுதி பெற்ற கட்டுமானச் செலவில் 75 விழுக்காடு வரை மத்திய அரசு தரும். உள்ளூர் நிர்வாகம் மீதியைப் போட்டால் போதும். மலை எரிந்து வெள்ளம் வந்தால் இந்த முக்கால் பங்கு கிடைக்கும். எரியாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஊர் முன்வந்தால் அப்படி நிச்சயமான பங்கு எதுவும் அன்று இருக்கவில்லை. ஒரு நகராட்சியின் நிதி அலுவலர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவார் என்று எண்ணிப் பாருங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் அந்தக் கணக்கையும் மீறித்தான் முன்பணம் போட்டது.

2022 ஜனவரியில் வனத்துறை பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. தேசிய வனங்களில் கூடுதலாக 2 கோடி ஏக்கர், மற்ற நிலங்களில் 3 கோடி ஏக்கர் வரை களைதலும் எரிப்பும் செய்வது இலக்கு. ஊர்களை ஒட்டிய காடுகளில் எரிபொருளாய்க் கிடக்கும் சருகையும் சிறுமரத்தையும் குறைக்க அந்த ஆண்டுச் சட்டம் ஒன்று 180 கோடி டாலர் தந்தது. முன்பு எப்போதும் கண்டிராத தொகை. ஆனால் ஒருமுறை வரும் தொகை. களைந்த காட்டில் சருகு மறுபடி விழுகிறது, கன்றுகள் மறுபடி முளைக்கின்றன. 1880க்கு முன் தீ செய்த வேலையை மனிதன் கையில் எடுத்த பிறகு அதற்கு ஓய்வு கிடையாது.

ஓடைக்கும் ஒரு வாக்கு

அதே 2022 ஜூனில் பைப்லைன் தீ ஊருக்கு வடக்கே 26,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. 2010இன் ஷல்ட்ஸ் தழும்பின் மேலும் அது ஏறியது. அந்தக் கோடை முழுவதும் வெள்ளம். உள்பள்ளத்தாக்கிலிருந்து வரும் குடிநீர்க் குழாய்ப் பாதை மீண்டும் சிதைந்தது. கவுன்ட்டியும் வனத்துறையும் சேர்ந்து மலையடிவாரத்து வனநிலத்தில் அகலமான வண்டல் விசிறிகளை அமைக்கத் தொடங்கின. ஒரே பள்ளமாக அறுத்துக்கொண்டு வரும் நீரை விசிறி போல விரித்து, வேகத்தைக் குறைத்து, பாறையையும் சேற்றையும் வீடுகளுக்கு மேலேயே படியவைக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அங்கே போய்ப் பார்த்துச் சீர்செய்ய வேண்டும்.

2022 நவம்பரில், முதல் வாக்கெடுப்புக்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, நகராட்சி மீண்டும் மக்களிடம் வந்தது. இந்த முறை கேட்ட கட்டமைப்புப் பத்திரத்தில் ஸ்ப்ரூஸ் ஓடையின் வெள்ளத் தடுப்பு வேலையும் இருந்தது. மலைக்கு 'ஆம்' என்ற ஊர் ஓடைக்கும் 'ஆம்' என்றது. காட்டு வேலைக்கு இப்போது பத்திரத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து, பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு தொகையை நகராட்சி வாங்குகிறது. ஏரிக்கு மேலே நிற்கும் மரங்களைப் பராமரிக்கும் செலவு, மாதாமாதம் வரும் அந்தத் தண்ணீர் ரசீதில் தனி வரியாக இருக்கிறது.